எனக்குக் கிடைத்த பூஜ்யங்கள்

மட்டாஞ்சேரியில் நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது, பள்ளிக்குப் பல் பார்க்க வந்த டாக்டர் எனக்கு வரிசையாகப் பூஜ்யம் போட்டார். அந்த அவமானத்தைச் சனிக்கிழமை வரை சுமந்துகொண்டு திரிந்தேன்.

அரசு ஆஸ்பத்திரியிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை வருவார்கள். ஒரு பெண் டாக்டர், பக்கத்தில் தாளும் பேனாவுமாக ஒரு நர்ஸ். ஜன்னலோரப் பெஞ்சில் எங்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து, சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டு, டாக்டர் பல்லுக்கு ஒரு எண்ணாகச் சொல்வார். நர்ஸ் எழுதிக்கொள்வார். எந்தப் பிள்ளைக்கு எத்தனை பல் சொத்தை, போன வருஷத்தைவிடக் கூடியிருக்கிறதா என்று பார்ப்பதற்கான கணக்கு அது. எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. எண் என்றால் மார்க், அவ்வளவுதான்.

எனக்கு முன்னால் இருந்தவளுக்கு நான்கு பல்லுக்குத் தலா ஒன்று கிடைத்தது. அவள் எழுந்துபோன தோரணையைப் பார்த்துவிட்டு நானும் போய் உட்கார்ந்து, தாடை வலிக்க வாயைத் திறந்தேன். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம் என்றே மேல்வரிசை முடிந்தது. கீழ்வரிசையும் அப்படியே. கண்ணாடியை வெளியே எடுத்ததும் கேட்டுவிட்டேன்.

“டாக்டரே, ஒண்ணுகூட இல்லையா? கடைசிப் பல்லை இன்னொருக்கா நோக்குங்க.”

டாக்டர் சிரித்துக்கொண்டே, நர்ஸிடமிருந்து போன வருஷத் தாளை வாங்கிப் பார்த்தார். “கழிஞ்ஞ வருஷமும் பூஜ்யம்தன்னெ,” என்றார்.

இரண்டு வருஷமாகத் தோற்றுக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கண்ணில் நீர் முட்டியது.

“மோளே, வீட்டில ஆரு பல்லு தேச்சுத் தரும்?”

“அக்கா,” என்று சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டேன். பழி அவளுக்கே போகட்டும் என்றுதான் சொன்னேன்.

அக்கா அதே பள்ளியில் ஏழாவது படித்தாள். அம்மா பள்ளுருத்தியில் ஒரு ஹோட்டலுக்கு மாவரைக்க விடிவதற்குள் போய்விடுவாள். அப்பா கொச்சங்காடிக் கிடங்கு ஒன்றில் மூட்டை தூக்கினார். காலையிலும் சாயங்காலச் சாப்பாட்டுக்குப் பிறகும் என்னைக் குழாயடியில் நிறுத்துவது அக்காதான். முகவாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு எண்ணியபடி தேய்ப்பாள். இரண்டு தடவை அவள் விரலைக் கடித்திருக்கிறேன். “கடிச்சியானா இன்னும் அம்பது எண்ணுவேன்,” என்பாள். எண்ணவும் செய்தாள். அவளுக்கே பல்வலி வந்து, அப்பா கொண்டுவந்த கிராம்பைப் பல்லிடுக்கில் அடக்கியிருந்த நாட்களில் வாய்விட்டு எண்ண முடியாது. என் தோளில் விரலால் தட்டித் தட்டி எண்ணினாள்.

அந்த வருஷம் அவளுக்கு ஐந்து பல்லுக்குத் தலா ஒன்று கிடைத்தது. கூடவே, ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டும். சீட்டு வாங்கி வந்தவள் அதைப் பிரிப்பதும் மடிப்பதுமாக முகம் வாடி உட்கார்ந்திருந்தாள். ஐந்து வாங்கியவளுக்கு என்ன துக்கம் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

சனிக்கிழமை அம்மா லீவு போட்டுவிட்டு எங்கள் இருவரையும் கூட்டிப்போனாள். அங்கேயும் அதே டாக்டர்தான். என்னைப் பார்த்ததும், “இதாணு நம்மட பூஜ்யக்காரி,” என்றார். அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

“படிக்கிறதில்லையா டாக்டர்?”

“அய்யோ, பரீட்சையல்ல அம்மா. ஒண்ணுன்னா கேடு. பூஜ்யம்னா நல்ல பல்லு. இவளுடெ கிளாஸில முழுக்க பூஜ்யம் இவளுக்கு மாத்ரம்தான்.”

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அம்மா என் கன்னத்தைத் தொட்டாள். டாக்டர், ஊசி போட்டு மரத்த வாயோடு சாய்ந்திருந்த அக்காவின் பக்கம் குனிந்து, “நீயாணோ தேச்சுக் கொடுக்குற சேச்சி?” என்று கேட்டார். அக்கா தலையசைத்தாள். “மிடுக்கி,” என்றார் டாக்டர். கெட்டிக்காரி என்று அர்த்தம். என்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, நான் சிரித்து வைத்தேன்.

அக்கா சத்தம் போடவில்லை. நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். பல்லைப் பிடுங்கி எடுத்ததும் பஞ்சைக் கடித்துக்கொண்டு தானாகவே இறங்கினாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவளால் பேச முடியவில்லை. எங்கள் தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் என்னை முன்னால் தள்ளிவிட்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்து ஒரு வட்டம் காட்டினாள். யாருக்கும் புரியவில்லை. “எனக்கு எல்லாப் பல்லும் பூஜ்யம். கிளாஸுலயே எனக்கு மட்டும்தான்,” என்று நான்தான் விளக்கம் சொன்னேன். சேட்டன்மார்களும் சேச்சிமார்களும் என் தலையைத் தடவிவிட்டுப் போனார்கள். அவ்வளவு பெருமையையும் நான் ஒருத்தியே வாங்கிக்கொண்டேன்.

வீங்கிய கன்னத்தோடு அக்கா வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தாள். அவளுக்கு வலிக்கவேயில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.