எப்போதும் ஆயத்தமாக நின்ற வண்டி

வார இறுதிப் பயணத்தை எளிதாக்கும் வழிகளைப் பலரும் எழுதிவிட்டார்கள். அவற்றை முழுமையாகக் கடைப்பிடித்தவரைப் பற்றி எவரும் எழுதவில்லை. அக்குறையைப் போக்கவே இக்குறிப்பு.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், புலம்பெயர்ந்த தமிழர் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற நகர்ப்பகுதியில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருந்தவர் அவர். ஜான்-டலோன் சந்தையில் காய்கறிப் பெட்டிகள் சுமந்து அகன்ற தோள்கள். சட்டைப்பையில் எந்நேரமும் நான்காக மடித்த ஒரு பயணப் பட்டியல். வார இறுதிகளில் குடும்பத்தோடு ஏரிக்கரையில் தங்கிவரவென, உறங்கவும் சமைக்கவும் வசதியுள்ள பழைய கேம்பர் வான் ஒன்றை வாங்கித் தெருவில் நிறுத்தியிருந்தார். வெள்ளி மாலையில் மூட்டை கட்டும் நேரம் வீணாகாதிருக்க, வீட்டின் நல்ல பானைகள், தலையணைகள், இடியப்ப உரல் யாவற்றையும் கோடை முழுவதும் அதனுள்ளேயே வைத்துவிட்டார்.

ஒரு புதன்கிழமை, மருத்துவமனை வேலை முடிந்து வந்த அவர் மனைவி, அவ்வண்டியிலிருந்து சோற்றுப்பானையைத் தூக்கிக்கொண்டு படியேறினார்.

"என்ன பிள்ளை இது?" என்றேன்.

"கிழமை நாளிலை நாங்கள் வீட்டிலைதான் காம்பிங், ஐயா."

பின்னால் வந்த கணவர் பட்டியலைப் பிரித்தார். "சமைச்சு முடியப் பேந்து பானையைத் திருப்பி வண்டியிலை வைச்சுப்போடும்," என்று மனைவியிடம் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார். "எல்லாரும் ஒண்டா இருக்கக் கிடைக்கிறது அந்த ரெண்டு நாள்தான், ஐயா. அதிலை ஒரு நிமிசமும் வீணாகக் கூடாது."

ஆனால் வெள்ளிதோறும் இருவரில் ஒருவருக்குக் கூடுதல் வேலை வந்தது. பட்டியலில் எல்லாம் இருந்தன. ஓய்வுநாள் மட்டும் இல்லை. தெருக்கூட்டும் நாள்களில் வழிவிட்டு இப்பக்கமிருந்து அப்பக்கம் மாறியதன்றி, அவ்வண்டி அக்கோடையில் நகர்ந்ததை நான் கண்டதில்லை. அக்குடும்பத்தை ஒருமுறையேனும் ஏரிக்கரையில் கண்டவர்கள் எழுதித் திருத்துக. இப்பிழை என்னுடையதாக இருப்பதையே விரும்புகிறேன்.