அவர் மறுக்காத பத்து நிமிடம்

நானும் சூப்பர்வைசரும் சேர்ந்து வேலை செய்த மூன்றாவது கோடையில், செகந்திராபாத் பக்கம் ஜீடிமெட்லாவில் ஒரு மருந்து ஆலையின் மொட்டை மாடியில், காலை பத்தரை மணிக்கு, அவர் என்னைப் பார்த்து, “நீங்க சொல்றதுதான் சரி, மேடம்” என்றார். அதுவரை அவர் வாயிலிருந்து நான் கேட்டிராத வாக்கியம் அது. கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்று அதை நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

சோலார் பேனல் பொருத்தும் நிறுவனம் ஒன்றில் நான் பாதுகாப்பு அதிகாரி. வெயில் காலத்தில் ஆட்களைக் காலை ஆறு மணிக்கு மாடிக்கு ஏற்றிப் பதினொன்றுக்குள் இறக்கிவிட வேண்டும், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் குடிக்க வைக்க வேண்டும், யாரையும் தனியாக விடக் கூடாது. இது என் வேலை. நான் சொல்வதை மறுப்பது அவர் வேலை. அதற்குத் தனியாகச் சம்பளம் கிடையாது, ஆசையோடு செய்துவந்தார். நிழலுக்குத் தார்ப்பாயைக் கிழக்கே கட்டச் சொன்னால் மேற்கே என்பார். சரி, மேற்கே கட்டுங்கள் என்றால் அங்கே காற்று வராது என்பார். “மூணு தலைமுறையா செகந்திராபாத்ல இருக்கோம் மேடம். இந்த வெயிலுக்கு எங்க மூஞ்சி நல்லாத் தெரியும். உங்க பேப்பர் எல்லாம் நக்கோ, வேணவே வேணாம்!” என்று கால்மணி நேரம் பேசிவிட்டு, பேப்பரில் உள்ளபடியே எல்லாவற்றையும் செய்துவிடுவார். அந்தக் கால்மணி நேரத்தில்தான் என் உயிர் போகும். ஏ.எஸ்.ராவ் நகரில் வீடு திரும்பி அம்மாவிடம் அவரைப் பற்றிப் புலம்பாத நாள் கிடையாது.

அன்று கடைசி வரிசை பேனல்கள் மட்டும் பாக்கி இருந்தன. எல்லோரையும் தண்ணீர் குடிக்க விரட்டிய மனிதர் தான் குடித்தாரா என்று நான் பார்க்கவில்லை. முந்தின நாள் முழுக்க அவருக்கு வயிற்றுப்போக்கு என்பதும் எனக்குத் தெரியாது. தெரிந்தால் மாடி ஏற விடமாட்டேன் என்று மறைத்திருக்கிறார். அவருக்கு ஜோடியாக இருந்தவர் ஒயர் எடுக்கக் கீழே போன நேரம், “போதும், இன்னைக்கு இத்தோட இறங்கிடலாம்” என்றேன். சண்டைக்குத் தயாராக இடுப்பில் கையையும் வைத்துக்கொண்டேன். அப்போதுதான் அந்த வாக்கியம் வந்தது.

மூன்று வருட வழக்கில் தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்துவிட்டதாக நினைத்தேன். வந்த வெற்றியை இன்னும் கொஞ்சம் ருசிக்க ஆசை. தார்ப்பாய் முதலில் கிழக்கே இருந்திருக்க வேண்டும் என்றேன். “ஹவ் மேடம்” என்று ஆமோதித்தார். போன மாதம் ஏணி விஷயத்திலும் நான் சொன்னதே சரி என்றேன். அதற்கும் “ஹவ்”. பத்து நிமிடம் பழைய பாக்கி எல்லாவற்றையும் வசூலித்தேன். கடைசியில் விளையாட்டாக, “இந்த வரிசையை மட்டும் வடக்கு பார்த்து வெச்சுடலாமா?” என்று கேட்டேன். நம் ஊரில் பேனலைத் தெற்கு பார்த்துத்தான் வைப்பார்கள். பொருத்துகிற யாருக்கும் முதல் நாளே தெரிகிற பாடம் அது. அவர் மெதுவாகத் தலையாட்டினார். “வெச்சுடலாம் மேடம். நீங்க சொன்னா சரி.”

அப்போதுதான் அவரை நன்றாகப் பார்த்தேன். கண் எங்கோ நிலைகுத்தி இருந்தது. இடுப்புக் கயிற்றின் கொக்கி எதிலும் மாட்டாமல் தொங்க, கைப்பிடிச் சுவரை நோக்கித் தள்ளாடி நடந்துகொண்டிருந்தார். ஓடிப் போய்ப் பிடித்தேன். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. நான் போட்ட கூச்சலில் ஆட்கள் ஓடிவந்து, அவரை மாடிப்படி அறையின் நிழலுக்குத் தூக்கிப் போனார்கள். ஒருவர் ஆம்புலன்ஸுக்கு போன் செய்தார். தொட்டித் தண்ணீரோ டீ போடலாம் போலச் சுட்டது. குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீரை அவர் மேல் கொட்டினோம். ஐஸ் பெட்டியில் இருந்த மோர் பாக்கெட்டுகளைக் கழுத்திலும் அக்குளிலும் செருகி, அட்டையால் விசிறினோம். அந்த அட்டை என் பாதுகாப்புப் படிவங்களின் அட்டைதான். மூன்று வருடத்தில் அவருக்கு அது உருப்படியாக உதவியது அன்றுதான். “ஏதாவது சொல்லுங்க, என்னைத் திட்டவாவது செய்யுங்க” என்று நான் அழுதேன்.

ஆஸ்பத்திரிக்கு அவர் மனைவி குஷாய்குடாவிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார். என்ன ஆயிற்று என்று கேட்டார். எப்படிச் சொல்வதென்று தெரியாமல், “நான் சொன்னதுக்கெல்லாம் சரி சரின்னாருங்க” என்றேன். அந்த அம்மாள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“ஐயோ! எவ்வளவு நேரமா?”

“பத்து நிமிஷம்.”

“பத்து நிமிஷமா சும்மா பாத்துட்டு நின்னீங்க?”

எதிர்த்துப் பேசுகிறவர் வாயை மூட வேண்டும் என்றே மூன்று வருடம் வேண்டிக்கொண்டிருந்தவள், அது நடந்தபோது எப்படிப் பயப்படுவேன்?

சாயங்காலம் கண் திறந்தார். டாக்டர் ஒரு வாரம் ஓய்வு என்றார். “ஒரு வாரம் எதுக்கு? நக்கோ. ரெண்டு நாள் போதும்” என்று முனகினார். பிறகு என் பக்கம் திரும்பினார். “மோரைக் குடிக்க வாங்கினோமா, கக்கத்துல வெக்க வாங்கினோமா மேடம்?” அவர் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வந்துட்டாரு” என்றார்.

இப்போதும் சேர்ந்துதான் வேலை செய்கிறோம். போன வாரம் குஷாய்குடாவில் ஒரு மாடி. வெயில் காலையிலேயே மண்டையைப் பிளந்தது. பத்து மணிக்கே இறங்கிவிடலாம் என்றேன்.

“பத்தா? நக்கோ மேடம். ஒன்பதரை.”

மறுத்துப் பேச வாயெடுத்தேன். பிறகு பேசாமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவரிடம் நீட்டினேன். அவர் வாங்காமல் என் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

“என்ன மேடம், பதிலே காணோம்? மொதல்ல நீங்க குடிங்க. வாங்க, நிழலுக்கு வாங்க!”