வலது பக்கத்துக் குரல்

அந்த ஆல்பம் நல்லதா இல்லையா என்று இன்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. போன கார்த்திகையில் கேட்டிருந்தால் அடித்துச் சொல்லியிருப்பேன். சொன்னேன், அதுதான் தொல்லையே.

எங்கள் குழுவில் ஐந்து பேர். பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கும் அண்ணன் ஆரம்பித்த வாட்ஸப் குழு. திங்கட்கிழமை அவர் ஏதாவது ஒரு பழைய ராக் ஆல்பத்தைப் போடுவார். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு பாட்டையும் தாண்டாமல் முழுசாகக் கேட்டுவிட்டு, அவரவர் கருத்தைக் குரல் பதிவாகப் போட வேண்டும். வெறுமனே "சூப்பர்" என்று போட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார். எது சூப்பர், எங்கே சூப்பர் என்று வாத்தியார் போலக் குடைவார். உண்மையான வாத்தியார் நான்தான். தனியார் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன்.

எனக்கு வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்க வாய்க்காது. "என்னம்மா இது, தகரத்தை உருட்டற மாதிரி" என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். அதனால் ஞாயிறு விடியற்காலை கிரிவலம் போகும்போது கேட்பேன். பௌர்ணமிக் கூட்டம் எனக்கு ஆகாது, ஞாயிறு என்றால் பாதை என்னுடையது. சிவன் பாதையில் ராக் கேட்கிறோமே என்ற உறுத்தல் இல்லாமல் இல்லை. மலை வலது கைப்பக்கம் வரும். அந்தப் பக்கம் சித்தர்கள் நடப்பார்கள் என்று எங்கள் ஊரில் எல்லோரும் இடது ஓரமாகத்தான் நடப்போம். சித்தர் வருகிறாரோ இல்லையோ, ஆட்டோ வரும். ஆகவே வயர் இயர்போனில் இடது காதுக்கானதை மட்டும் மாட்டிக்கொண்டு வலது காதை மலைக்கு விட்டுவிடுவேன். அண்ணாமலையாருக்குப் பாதி, எனக்குப் பாதி. இந்த ஏற்பாட்டில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

தீபம் முடிந்த வாரம் அந்த ஆல்பம் வந்தது. அதில் மூன்றாவது பாட்டு. ஒருவன் ஏதோ கேட்கிறான். பிறகு டிரம்ஸ் மட்டும் தட்டிக்கொண்டே இருக்கிறது. மறுபடியும் கேட்கிறான், மறுபடியும் டிரம்ஸ். அடி அண்ணாமலை டீக்கடையில் நின்றபடியே பதிவு போட்டேன். "அவன் கேட்டுட்டே இருக்கான், யாரும் பதில் சொல்லல. அந்த வெறுமைதான் பாட்டே. இவ்ளோ துணிச்சலா யாரும் பாட்டு போட்டதில்ல" என்றேன்.

செல்போன் கடை அண்ணன் உடனே பதில் போட்டார். "என்னா டீச்சர், பதில் சொல்லலையா? அந்தப் பொண்ணு பாடறதுதானே பாட்டோட உசுரு?"

எந்தப் பொண்ணு? எனக்கு ஒன்றும் புரியவில்லை. மற்ற இரண்டு பேரும் அந்தப் பெண்ணைத்தான் புகழ்ந்தார்கள். எனக்கு மண்டை குழம்பியது, கூடவே கோபமும் வந்தது. நான் கேட்டதை இல்லை என்று சொல்ல இவர்கள் யார்? பழைய ஆல்பங்களைப் பின்னால் மாற்றி மாற்றி வெளியிடுவார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். நீங்கள் கேட்டது பிற்பாடு பெண் குரலை ஒட்டுப்போட்ட பதிப்பு, அசல் அல்ல என்று போட்டேன். "டீச்சர் கணக்கோட நிறுத்திக்கலாம்" என்று அண்ணன் சிரிப்புப் பொம்மை வைத்தார்.

அன்று மத்தியானம் குருக்கள் எனக்குப் போன் செய்தார். குழுவில் ஐந்தாவது ஆள் அவர்தான். கோயிலில் முறை வைத்துப் பூஜை செய்யும் குடும்பம். முறை இல்லாத நாட்களில் கட்டிலில் படுத்து, இரண்டு காதிலும் இயர்போன் மாட்டி ராக் கேட்பவர். இதுவரை எனக்கு அவரோடு தனியாகப் பேச்சில்லை.

"டீச்சர், எனக்கும் அந்தப் பொண்ணு குரல் கேக்கல. தீபத்துல மேளம் பக்கத்துலயே நின்னேன். அதுலேர்ந்து வலது காது அடைச்ச மாதிரியே இருக்கு. காதுலதான் ஏதோ கோளாறோன்னு பயந்துட்டேன். வேலூர் போயி டாக்டரப் பாக்கலாமான்னு யோசனை."

"அய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல சாமி. எனக்கும்தான் கேக்கல. எனக்கென்ன, காதா போச்சு? அவங்க கேட்டது வேற பதிப்பு. காதுல தண்ணி போயிருக்கும் உங்களுக்கு."

"அப்படீங்கறீங்க?"

"அப்படித்தான் சாமி."

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒரு கட்சி. அடுத்தடுத்த ஆல்பங்களிலும் மற்ற மூன்று பேருக்குக் கேட்டது எங்களுக்குக் கேட்கவில்லை, எங்களுக்குப் பிடித்த மௌனங்கள் அவர்களுக்குப் புரியவில்லை. கீழ்பென்னாத்தூரில் கடலைக்காட்டு வீட்டில் பிறந்த எனக்கும் கோயில் குருக்களுக்கும் ஒரே ரசனை என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். என் வாழ்க்கையில் ஒருவர் என் கருத்தை வரிக்கு வரி ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

பொங்கல் லீவில் ஐந்து பேரும் கடையில் கூடினோம். பதிப்புச் சண்டையை முடித்துவிடலாம் என்று அண்ணன் என் போனையே வாங்கி, அதிலிருந்த அதே பாட்டைக் கடை ஸ்பீக்கரில் போட்டார். அவன் கேட்டான். ஒரு பெண் பதில் சொன்னாள்.

"இது என் போன்தானா?" என்றேன். அண்ணன் என் இயர்போனை நீட்டி, "ரெண்டு காதுலயும் வைங்க டீச்சர்" என்றார். வைத்தேன். வலது பக்கம் முழுக்க அவள்தான் இருந்தாள். பழைய ஸ்டீரியோ ஆல்பங்களில் ஒரு குரலை ஒரு பக்கத்தில் மட்டும் வைப்பார்களாம். எப்படிக் கேட்பீர்கள் என்று அண்ணன் கேட்டார், இடது காதில் மட்டும் மாட்டிக்கொண்டு நடப்பதைச் சொன்னேன், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் வெட்கத்தோடு சிரித்தேன்.

குருக்கள் சிரிக்கவில்லை. இயர்போனை வாங்கி இரண்டு காதிலும் வைத்துக்கொண்டு பாட்டை முதலிலிருந்து போடச் சொன்னார். கண்ணை மூடிக் கேட்டார்.

"ஸ்பீக்கர்ல வந்தாங்களே. இதுல இல்லையே" என்றார்.

அண்ணன் சிரிப்பை நிறுத்தினார். இடது காதில் இருந்ததை எடுத்து வலதிலும், வலதில் இருந்ததை இடதிலும் மாற்றி வைத்தார். "இப்ப?"

"இப்ப அந்தம்மா பாடறாங்க. அவன் போயிட்டான்" என்றார் குருக்கள்.

மறுநாளே வேலூர் போய்வந்தார். இரண்டு நாள் அவருக்குப் போன் செய்ய எனக்குத் தைரியம் வரவில்லை. செய்தால் என்ன கேட்பது என்றும் தெரியவில்லை. நான் டாக்டர் இல்லை, பாட்டைப் பற்றித்தானே பேசினேன் என்று ஒரு நேரம் தோன்றும். தண்ணி போயிருக்கும் என்று எந்த வாயால் சொன்னேன் என்று மறு நேரம் தோன்றும். இரண்டில் எது சரி என்று இன்றைக்கும் எனக்குத் தெளியவில்லை. கடைசியில் கோயிலுக்கே போனேன். பூஜை முடித்து வெளியே வந்தவர் நான் வலது பக்கம் நிற்பதைப் பார்த்து, இடது பக்கம் வரச் சொன்னார்.

"டாக்டர் என்ன சொன்னாரு சாமி?"

"நரம்பு போயிடுச்சாம். காது அடைச்ச ரெண்டு வாரத்துக்குள்ள வந்திருந்தா மருந்து குடுத்துப் பாத்திருக்கலாம்னாரு. இப்ப ஒண்ணும் பண்றதுக்கில்லையாம். ஏன் வரலன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எங்க டீச்சருக்கும் அப்படியேதான் கேட்டுச்சு, அதனால பயமே போயிடுச்சுன்னேன்" என்றார். அதை அவர் எனக்கு நன்றி சொல்லும் குரலில்தான் சொன்னார்.