பல் தேய்ந்த ரோதை

என் கணவருக்கு எதையாவது விளக்கிச் சொல்லாவிட்டால் சோறு இறங்காது. ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் அவர் பிட்டர். மெஷின்களைப் பழுதுபார்ப்பதோடு தோட்டத்துக் காரையும் அவர்தான் ஓட்டினார். வெள்ளைக்காரத் துரைகள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் துரையும் போகும்போது தன் பழைய கறுப்புக் காரைத் தோட்டத்துக்கே விட்டுவிட்டுப் போனார். தபால் எடுக்கவும், நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் அது ஓடியது. டயகமவுக்கு மேலே, பகலிலும் மூடுபனி விலகாத தோட்டம் எங்களுடையது. அந்தக் காரை விட்டால் அவசரத்துக்கு வேறு வண்டி கிடையாது.

என் முதல் பிள்ளை அந்தக் காரின் பின் ஆசனத்தில்தான் பிறந்தான். வலியோடு என்னை ஏற்றிக்கொண்டு போகும்போது, பெரிய வளைவில் பாதைக்குக் குறுக்கே கல் விழுந்து கிடந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கிக் கல்லைப் புரட்டித் தள்ளினார். திரும்பி வந்து எஞ்சினைக் கிளப்பும் ஸ்டாட்டரை இழுத்தால் கிர்ர்ரென்று வெறுமனே சுழன்றது, பிடிக்கவில்லை. முன்னால் இரும்புக் கம்பியைச் செருகிச் சுற்றிப் பார்த்தார். அது எதிர்த்து அடித்து மணிக்கட்டை உடைத்தது. ஏற்றமான இடம், தள்ளவும் ஆளில்லை. ஒற்றைக் கையால் திரும்பத் திரும்ப ஸ்டாட்டரை இழுத்துக்கொண்டே இருந்தார். பிள்ளை அழவில்லை. ஸ்டாட்டர்தான் அழுதது.

அவனை அந்த வளைவுக்குப் பக்கத்திலேயே, தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் புதைத்தோம். பெயர்கூட வைக்கவில்லை.

அதற்குப் பிறகும் கார் அப்படித்தான் இருந்தது. சில நாள் ஒரே இழுப்பில் பிடிக்கும், சில நாள் கிர்ர்ரென்று அழும். நான் வேலை பார்த்த பிள்ளைக்காம்பரா கார் கொட்டகைக்கு எதிரே இருந்தது. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை எங்களிடம் விட்டுப் போவார்கள். காலையில் தொட்டிலுக்குத் தொட்டில் ஒரே அழுகையாக இருக்கும். எதிரே அந்த ஸ்டாட்டர் சுழலும் சத்தம் கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக வாயை மூடிக்கொள்ளும். கூட வேலை பார்த்தவள் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். அந்தச் சத்தத்துக்குள் ஒரு பிள்ளையின் குரல் எனக்குக் கேட்டது. என்னைத் தவிர யாருக்கும் கேட்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

இரண்டாவது முறை நான் நிறைமாதமாக இருந்தபோது மருத்துவிச்சி வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு முகம் மாறினாள்.

"புள்ள தலகீழா திரும்பாம காலக் கீழ வச்சுக்கிட்டு இருக்கு. வலி கண்டதும் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருங்க. இங்க வச்சுப் பாக்க என்னால ஆகாது."

அந்தக் காரில் ஏறினால்தான் பிள்ளை பிழைக்கும், ஏறினால் இன்னொன்றையும் அது தின்றுவிடும் என்று எனக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றின. என் கணவர் கண்டிக்குப் போனார். பழைய கார்களை உடைத்து விற்கும் கடையிலிருந்து எஞ்சின் சக்கரத்தின் விளிம்பில் மாட்டும் ஒரு பல்வளையமும் வேறொரு ஸ்டாட்டரும் வாங்கிக்கொண்டு வந்தார்.

கொட்டகையில் காரின் வயிற்றைத் திறந்து போட்டிருந்தார். தேத்தண்ணீர் கொண்டுபோன என்னை நிற்கவைத்து, கழற்றிய பிளைவீல் சக்கரத்தைக் காட்டி விளக்க ஆரம்பித்தார்.

"இந்தா பாரு. எஞ்சின் நிக்கிறப்போ இந்தச் சக்கரம் எப்பவும் ரெண்டே எடத்துலதான் வந்து நிக்கும். ஸ்டாட்டரு வந்து கடிக்கிறதும் அங்கயேதான். கடிச்சுக் கடிச்சு அந்த எடத்துப் பல்லு மட்டும் தேஞ்சு போச்சு. மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"எப்பவும் அதே எடத்துலயா வந்து நிக்கும்?"

"எப்பவும் அதே எடந்தான்."

அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். பல் முளைக்காத பிள்ளையின் ஈறு போல வழவழவென்று இருந்தது. பிள்ளைக்காம்பராவில் தினமும் என் விரலைக் கடிக்கும் ஈறுகள் எனக்குத் தெரியும். சட்டென்று கையை எடுத்துக்கொண்டேன். எண்ணெய்க் கறையை முந்தானையில் துடைத்தேன், அது கடைசிவரை போகவில்லை.

தேய்ந்த வளையத்தை உளியால் வெட்டி எடுத்துவிட்டு, வாங்கிவந்த வளையத்தைத் தேயிலை காயவைக்கும் அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, சூடு ஆறுமுன் அவரும் ஸ்டோர் ஆட்களும் பிளைவீலில் இறக்கினார்கள். ஸ்டோர் ஆட்களுக்கு இதில் ஒரு குறை. எங்கள் ஸ்டோரில் எந்தச் சக்கரத்தைக் கழற்றுவதென்றாலும் முதலில் ரோதை முனிக்கு விளக்கேற்றி எலுமிச்சம்பழம் வெட்டவேண்டும். ரோதை என்றால் சக்கரம்; அதில் குடியிருந்து காவல் காக்கிற சாமி அது. கேட்காமல் கைவைத்தால் கை போகும் என்பார்கள்.

"காருக்குள்ள இருக்கிறதும் ரோதைதானங்க. ஒரு கற்பூரங்கூடக் கொளுத்தாம தொறந்துட்டீங்களே" என்று கொழுந்து அரைக்கும் ரோலர் ஓட்டுகிறவர் கேட்டார்.

"முனிக்கு ஸ்டோர்லயே வேல சரியா இருக்கு. கார் ஓட்ட அவருகிட்ட லைசன்ஸ் இல்ல" என்றார் என் கணவர்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"லைசன்ஸ் வச்சிருக்கிற நீங்க போன தடவ என்னத்தக் கிழிச்சீங்க?"

சொன்ன பிறகுதான் எங்கே குத்தினேன் என்று தெரிந்தது. அவர் குனிந்து மரையை முறுக்கிக்கொண்டே இருந்தார். உடைந்து சேர்ந்த மணிக்கட்டு கொஞ்சம் கோணலாக இருந்தது.

வேலை முடிந்து கார் ஒரே இழுப்பில் பிடித்தது. சத்தமே வேறாக இருந்தது. தொட்டிலில் ஒரு பிள்ளைகூட அழுகையை நிறுத்தவில்லை. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. வீட்டில் ஓர் ஆள் குறைந்தது போல இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு நாள், பிள்ளைக்காம்பராவைப் பூட்டிவிட்டு வரும்போது மூடுபனி இறங்கியிருந்தது. கொட்டகைக்கு எதிரே வந்ததும் இடுப்பைப் பிடித்து முதல் வலி வந்தது. வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுற்றிலும் ஆளில்லை. அவர் ஸ்டோரில் இருந்தார்.

அப்போது கொட்டகைக்குள் கார் முனகியது.

எஞ்சின் ஓடும் சத்தமில்லை. ஸ்டாட்டர் மட்டும் சுழல்கிற சத்தம். விளக்கு எரியவில்லை, ஓட்டும் இடத்தில் ஆளில்லை. கார் ஓர் எட்டு முன்னால் குலுங்கி வந்தது. நின்றது. மறுபடி முனகிக்கொண்டு இன்னும் ஓர் எட்டு வந்தது. நடை பழகும் பிள்ளை வருவது போல விட்டு விட்டு என்னை நோக்கி வந்தது. நான் நகரவில்லை. பயமென்றால் அப்படியொரு பயம், ஆனாலும் ஓடத் தோன்றவில்லை. "வாடா" என்று என் வாய் சொன்னது. காரின் மூக்கு என் வயிற்றைத் தொட ஒரு சாண் இருக்கும்போது ஏதோ பொசுங்கும் வாடை வந்தது, கார் நின்றுவிட்டது.

இந்த முனகல் ஸ்டோர்வரை கேட்டிருக்கிறது. என் கணவர் ஓடிவந்தார். என்னைப் பார்த்தார், ஆளில்லாமல் வெளியே வந்து நிற்கும் காரைப் பார்த்தார். பேயறைந்தது போல ஒரு கணம் நின்றவர், எஞ்சின் மூடியைத் தூக்கி உள்ளே கையைவிட்டு எதையோ பிடுங்கினார். சுருக்கென்று மூச்சை இழுத்தார். அதைப் பையில் போட்டுக்கொண்டு என்னைப் பின் ஆசனத்தில் உட்காரவைத்தார். அதே ஆசனம். ஸ்டாட்டர் உடனே பிடித்தது.

பெரிய வளைவில் கார் நின்றது. பனிக்குள் பாதை தெரியாமல் வேகத்தைக் குறைத்தவர், கியர் மாற்றுவதற்குள் எஞ்சினை அணையவிட்டுவிட்டார். அந்த அமைதியை என்னால் இன்றைக்கும் கேட்க முடியும். தேயிலையில் நீர் சொட்டியது. அவர் ஸ்டாட்டரைத் தொடவில்லை. கண்ணாடிக்கு வெளியே, காடு தொடங்கும் பக்கம் பார்த்து மெதுவாகப் பேசினார்.

"தங்கச்சியோ தம்பியோ தெரியல. வழி விடுய்யா."

இழுத்தார். பிடித்தது.

பெண் பிறந்தாள். காலைத்தான் முதலில் நீட்டினாள், ஆனாலும் ஆஸ்பத்திரியே அதிரும்படி அழுதாள். மறுநாள் பார்க்க வந்தவரின் உள்ளங்கையில் கட்டுப் போட்டிருந்தது. என்னவென்று கேட்டேன். விளக்கம் சொல்ல என்றைக்கும் காத்திருக்கும் மனிதர், அன்றைக்குத் தடுமாறினார். பையிலிருந்து பாதி உருகிய செப்புத் தகடு ஒன்றை எடுத்தார். கார் வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு, பூசாரியிடம் வாங்கிய ரோதை முனித் தகட்டை மஞ்சள் நூலில் கோத்து, ஸ்டாட்டர் சுவிட்சுக்குப் பின்னால் தானே கட்டியிருக்கிறார். எஞ்சின் சூட்டில் நூல் இற்று, தகடு சுவிட்சின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே விழுந்திருக்கிறது. கரண்டு பாய்ந்து ஸ்டாட்டர் சுழன்றிருக்கிறது. சரிவில் நின்ற காரைக் கியரில் விட்டிருந்ததால் அது நகர்ந்திருக்கிறது.

"அவ்வளவுதான். வேற ஒண்ணுமில்ல" என்றார்.

"நீங்கதான் முனிய நம்ப மாட்டீங்களே. அப்பறம் எதுக்குக் கட்டுனீங்க?"

கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்டாட்டர இழுக்குற ஒவ்வொரு தடவையும் அவன் அழுகுறது கேட்டுச்சு. எனக்கு மட்டுந்தான் கேக்குதுன்னு நெனச்சேன். உங்கிட்ட எப்புடிச் சொல்றது?"

அன்றைக்குத்தான் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவனுக்காக அழுதோம். அதுவரை தனித்தனியாக அழுதிருக்கிறோம், ஒரே சத்தத்தைத் தனித்தனியாகக் கேட்டது போல. எவ்வளவு பெரிய முட்டாள்கள் நாங்கள் என்று இப்போதும் கோபம் வருகிறது.

பிறகு கேட்டேன்.

"வெட்டி எடுத்த அந்தப் பழைய வளையம் எங்கங்க?"

"அவங்கிட்டயே குடுத்துட்டேன்" என்றார்.

பிள்ளையோடு வீடு திரும்பும்போது வளைவில் நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தேன். புதைத்த இடத்தைச் சுற்றி அந்த வளையம் மண்ணில் பதிந்திருந்தது. வெட்டிய வாயைப் பொருத்தி வைத்திருந்தார். தேய்ந்த இடம் என் பக்கம் இருந்தது. குனிந்து விரலை வைத்தேன். இந்த முறை நான் கையை எடுக்கவில்லை.