மூக்கைத் தூக்கி நின்ற டகோட்டா

பிள்ளைகளே, ஆகாயத்தில் சத்தம் கேட்டால் சோற்றை விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்க்கிறீர்களே, சின்ன வயதில் நானும் அப்படித்தான். ஆனால் நான் முதன்முதலாகக் கிட்டத்தில் பார்த்த பிளேன், பேப்பரில் வந்த ஒரு படம்.

அதைக் கொண்டுவந்தவர் சித்தப்பா. இலங்கை மலைநாட்டில், டிக்கோயாவில், தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்திலேயே அடுத்த அறையில், அதாவது காம்பராவில், தனி ஆளாக இருந்தார். தோட்டத்து ஆட்களை அரசாங்கம் இந்தியாவுக்கு அனுப்பும் பட்டியலில் அவர் பேர் வந்திருந்தது. என் அழுகையை நிறுத்தத்தான் படத்தைக் காட்டினார்.

"இந்தா பாரு, டகோட்டா. இதுலதான் போறேன். நெனச்சா பொழுது சாயுறதுக்குள்ள திரும்பி வந்திருவேன்."

தெரிந்ததையெல்லாம் சொன்னார். பெரிய யுத்தத்துக்கு முந்தி, பயணிகளை ஏற்றச் செய்தார்களாம். யுத்தத்தில் பட்டாளத்தையும் மூட்டைகளையும் சுமந்ததாம். சண்டை ஓய்ந்ததும் மறுபடி உட்காரும் சீட்டுகளை மாட்டி உலகமெல்லாம் ஓட்டினார்களாம். உடம்பு முழுக்க அலுமினியத் தகடு. இறக்கைக்கு ஒன்றாக, காற்றை இழுக்கிற இரண்டு விசிறி.

தேயிலைப் பெட்டிப் பலகையில் நானும் ஒன்று செய்தேன். பெட்டிக்குள் இருந்த ஈயத்தாளை மேலே போர்த்தினேன். படத்தில் பிளேன் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. எங்கள் பக்கம் எதுதான் சமமாக நிற்கிறது? மேட்டில் நிறுத்திப் படம் பிடித்திருக்கிறார்கள் என்று நினைத்து, முன்கால் இரண்டையும் குட்டையாகவே வைத்தேன்.

விசிறியைச் சுற்றினேன். தரையில் இடித்து நின்றுவிட்டது.

சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "அடப்பாவி, காலை ஒடிச்சுப்புட்டியே! விசிறி தரையில படக்கூடாதுன்னுதான்டா முன்கால் ஒசரம். வாலுக்கு ஒரு குட்டிச் சக்கரம் போதும். உள்ள போறவங்களும் மேடு ஏறித்தான் சீட்டுல குந்தணும், நாம மலைக்குப் போற மாதிரி. கொண்டா, ஒசரக் கால் வச்சுத் தாரேன்."

நான் கொடுக்கவில்லை. இது ஓடாவிட்டால் அவரும் போகமாட்டார் என்று எனக்கு ஓர் எண்ணம்.

போனார். ஹட்டன் ஸ்டேஷனில், நாங்கள் கோச்சி என்கிற ரயிலில் அவர் ஏறும்போது, "பிளேன் எங்க சித்தப்பா?" என்றேன்.

"அங்கிட்டு நிக்குதுடா, எனக்காக."

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்தக் கோச்சி தலைமன்னாரில் கப்பலுக்குக் கொண்டுபோய் விடும் என்பதோ, கப்பலேறியவர்கள் திரும்பி வருவது லேசில்லை என்பதோ எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் யாரிடமும் சொல்லாமல் அவர் காம்பராவுக்குள் போனேன். அவர் விட்டுப்போயிருந்த தேநீர்க் கேத்தலில் தண்ணீர் நிரப்பி, அணைந்த அடுப்பின் மேல் வைத்துவிட்டு, கதவைச் சாத்தினேன்.