நான் விட்டதை அண்ணைக்குக் கொடுத்தேன்

கோயிலில் எல்லோர் முன்னும் எழுந்து பேச எனக்கு வராது. அதனால் ஆண்டவர் எனக்குச் செய்ததை எழுதித் தருகிறேன். இந்தத் தவக்காலத்தில் இரண்டு கிழமை, ஒரு மனிதனை நானே சாகடித்துவிட்டேன் என்று நம்பியிருந்தேன்.

நான் அல்லைப்பிட்டியில் கிழிந்த வலை பொத்துகிறவன். கை வேலை செய்ய, வாய் புகையிலை மெல்லும். இருபது வருடத்துக்கு மேற்பட்ட பழக்கம். தவக்காலம் வந்தால் விடுவேன். உயிர்ப்பு ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலிலேயே மறுபடி வாயில் வைப்பேன்.

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று சுவாமி பிரசங்கத்தில், “நீங்கள் வேண்டாமெண்டு விட்டு ஒறுக்கிறதை இல்லாதவைக்குக் குடுங்கோ” என்றார். அவர் மீனையும் இறைச்சியையும் நினைத்துத்தான் சொல்லியிருப்பார். வீட்டில் என்னிடம் இருந்தது ஒரு கட்டுப் புகையிலை. அதைப் பக்கத்து வீட்டு அந்தோனி அண்ணையிடம் கொண்டு போனேன். கடலுக்குப் போன மனுசன். பாரிசவாதம் வந்து இரண்டு வருடமாகக் கட்டிலில் கிடக்கிறார். பிள்ளைகள் கனடாவில். அயலவர்கள்தான் சாப்பாடு கொடுப்பார்கள்.

“எட தம்பி, ரெண்டு வருசமா இதை வாங்கித் தர ஒரு நாயும் இல்லையடா. நீ நேரா மோட்சத்துக்குத்தான் போவாய்” என்று சிரித்தார். எனக்கும் சந்தோசம். நாள் தவறாமல் ஒரு துண்டு கொடுத்தேன். அவர் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு ஒறுத்தல் என்றே நினைத்தேன்.

தவக்காலத்தின் நாலாம் கிழமை அண்ணைக்கு வாய் திறக்க ஏலவில்லை. கன்னத்தின் உள்ளே வெள்ளையாக ஒரு புண். ஓட்டோ பிடித்து யாழ்ப்பாணம் கொண்டு போனேன். டொக்டர் பார்த்துவிட்டு, “ஆர் இவருக்குப் புகையிலை வாங்கிக் குடுக்கிறது?” என்று கேட்டார்.

நான் நிலத்தைப் பார்த்தேன். அண்ணை கோணிய வாயால், “நான்தான் கேட்டு வாங்கினனான், டொக்டர். இவன் பாவம்” என்றார். அவர் கேட்காமலே நான் கொடுத்தது அவருக்குத் தெரியும்.

புற்றுநோயா என்று பார்க்கச் சதைத் துண்டு எடுத்து அனுப்பினார்கள். முடிவு வர இரண்டு கிழமையாகும் என்றார்கள்.

அந்த நாட்களில் வலையில் கை ஓடவில்லை. செபமாலையை எடுத்தால் முதல் மணியிலேயே நிற்பேன். புகையிலையை நினைத்து வாய் ஊறும். உடனே என்னை நானே அருவருப்பேன். ‘ஆண்டவரே, என்னால் ஏலாது. நான் விட்ட நஞ்சை அவர் வாயில் வைத்தேன். எனக்குச் செபிக்கவும் தெரியவில்லை’ என்பது மட்டும்தான் வந்தது. வேறு செய்வதற்கு ஒன்றும் தெரியாமல், காலையில் கஞ்சி காய்ச்சி ஆறவைத்துக் கொண்டு போய்க் கரண்டியால் பருக்கினேன். முதுகு கழுவி, மற்றப் பக்கம் புரட்டிவிட்டேன்.

ஒரு நாள் அழுதுகொண்டே, “அண்ணை, என்னாலைதான்” என்றேன்.

“ஓம், உன்னாலைதான்” என்றார். “அதுக்கு அழுது கஞ்சிக்குள்ளை கண்ணீர் விடாதை. ஏற்கெனவே உப்புக் கூட.”

உயிர்ப்புக்கு முந்திய பெரிய வியாழன் காலையில் முடிவு கிடைத்தது. புற்றுநோய் இல்லை. “ஆனால் இனி ஒரு துண்டும் வாயிலை வைக்கக்கூடாது” என்று டொக்டர் சொன்னார். அவர் அண்ணையைப் பார்த்துத்தான் சொன்னார். ஓம் என்று தலையாட்டியது நான். ஆஸ்பத்திரி மர வாங்கில் குந்தியிருந்து எல்லோரும் பார்க்க அழுதேன். வெட்கம் வரவில்லை.

உயிர்ப்பு ஞாயிறன்று கோயில் வாசலில் என் கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. பை வெறுமையாக இருந்தது. வீட்டுக்குப் போய்க் கஞ்சியை எடுத்துக்கொண்டு நேரே அண்ணையிடம் போனேன்.

“பாஸ்காவோடை தவக்காலம் முடிஞ்சுது. இனி வரமாட்டாய் என்ன?” என்று கேட்டார்.

“கஞ்சி ஆறுது, அண்ணை.”

இன்றும் போகிறேன். ஆசை இன்னும் வருகிறது. வரும்போது ‘என்னால் ஏலாது’ என்ற அதே செபத்தைத்தான் சொல்கிறேன். அன்பானவர்களே, நல்ல செபம் வராதவர்கள் இதைச் சொல்லிப் பாருங்கள். ஆண்டவர் கேட்பார். உங்களுக்கு வேண்டாததை மட்டும் அயலவருக்குக் கொடுக்காதீர்கள். நீங்களே போய் அவர் பக்கத்தில் இருங்கள்.