பெயருக்குப் பெயர்

செத்தவர்களைத் தேடிப்பிடிப்பது லேசு. உயிரோடு இருக்கிற சொந்தக்காரரின் வாயைத் திறக்க வைப்பதுதான் எங்கள் தொழில். நீங்களும் ஒருநாள் பெரிய தாளை விரித்து, கீழே உங்கள் பெயரை எழுதி, மேலே மேலே கோடு கீறிக்கொண்டு போய், மூன்றாவது கோட்டில் முட்டிக்கொண்டு நின்றிருப்பீர்கள். அந்த முட்டின வலி தெரிந்தவர்களுக்குத்தான் இது.

நான் படித்தவனில்லை. சிட்னிக்கு வந்து கோப்பை கழுவி, சந்தையில் மரக்கறி விற்று, வாய்க் கொழுப்பால் இரண்டு இடத்திலும் வேலை போய், பிறகு சொந்தமாக வேன் ஓடி முன்னுக்கு வந்தவன். இப்போது குவேக்கர்ஸ் ஹில் வீட்டுக் கராஜில் மேசை போட்டு ஆட்களுக்கு வம்சாவளி எழுதிக் கொடுக்கிறேன். சுவரில் மாதிரிக்கு என் குடும்ப மரமே தொங்குகிறது. அதில் இரண்டு குறை. மேலே அப்பப்பாவின் அப்பாவான பூட்டனின் பெட்டி வெறுமை, பெயர் தெரியாது. கீழே என் அண்ணருக்குப் பெட்டியே இல்லை, நான் கீறவில்லை. அப்பாவின் செத்தவீட்டுக்கு அவர் வரவில்லை என்ற கோபம். வருகிறவர்கள் முதலாவது குறையை மட்டும்தான் கண்டுபிடிப்பார்கள்.

தோசைக்கடைப் பேரம்

எங்கள் ஆட்கள் சும்மா ஒரு பெயர் தரமாட்டார்கள். ஒரு வாடிக்கையாளருக்குத் தூரத்துச் சொந்தமான அங்கிள் ஒருவரை ஹோம்புஷ் தோசைக்கடையில் பிடித்து, "உங்கட அப்பப்பாவின்ர பெயர் என்ன?" என்று கேட்டேன். "ஏன், காணிப் பிரச்சினை ஏதுமோ?" என்றார். சரி, பெயருக்குப் பெயர் என்று இறங்கினேன். அவர் தொடர்பு விட்டுப்போன கனடாச் சொந்தத்தில் இரண்டு பேரைச் சொன்னேன். "காணாது, இன்னும் சொல்லும்," என்றார். எனக்குச் சுள்ளென்று ஏறியது.

கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். இது சந்தையில் படித்த வித்தை. பாதி கோபம், பாதி நடிப்பு. வாசலைத் தாண்ட முதல் கூப்பிட்டுவிட்டார். நான் நாலு பெயர் கொடுக்க அவர் மூன்று தருவது என்று முடிந்தது. கை கழுவப் போகும்போது சொன்னார்: "தம்பி, நீர் பூட்டனைத் தேட வந்தனீரோ, மீன் வாங்க வந்தனீரோ?"

உலகத்து ஆறுமுகங்கள்

என்னிடம் மரம் எழுத வந்த செந்தில் தமிழ்நாட்டுப் பிள்ளை, கம்ப்யூட்டர் வேலை. பாஸ்போர்ட்டில் அவருடைய கடைசிப் பெயர் ஆறுமுகம். அது அப்பாவின் பெயர். குடும்பம் தேடும் இணையதளம் ஒன்றில் அதையே குடும்பப் பெயராகப் போட்டிருக்கிறார். வெள்ளைக்காரருக்குக் கடைசிப் பெயர் பரம்பரையாக வரும். நமக்குத் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அது அந்தத் தளத்துக்குத் தெரியுமா? உலகத்து ஆறுமுகங்களை எல்லாம் அள்ளி அவர் மடியில் கொட்டிவிட்டது. பீஜியில் ஒருவர், தென்னாபிரிக்காவில் ஒரு பல் வைத்தியர், இங்கே கால்மணி நேரத் தூரத்தில் ஒரு பெண்.

"இதில ஒருத்தரும் உங்களுக்குச் சொந்தமில்லை, கிழிச்சுப் போடுங்கோ," என்றேன், கொஞ்சம் சத்தமாகத்தான். மனுஷனின் முகம் விழுந்துவிட்டது. "சொந்தமில்லைன்னா விடுங்க சார். ஆனா அந்தப் பொண்ணு என்னை அண்ணன்னு கூப்பிட்டுடுச்சே! ஞாயித்துக்கிழமை அதோட குழந்தைக்குக் காதுகுத்து, என் மடியிலதான் உக்கார வைக்கிறாங்க. இப்ப நான் போறதா, வேணாமா?"

முற்கூட்டிய அறிவித்தல்

எங்கள் பரம்பரைகளுக்குப் பதிவேடு மரண அறிவித்தல்தான். இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், கனடா, லண்டன், சுவிஸ் என்று முழுக் குடும்பமும் ஒரே பந்தியில் வரும். அதில் பெயர் இருந்தால் சொந்தம், இல்லாவிட்டால் சண்டை.

ஒரு அன்ரி, மரம் எழுதுகிற கையோடு கணவருக்கும் ஒரு அறிவித்தல் எழுதிவைக்கச் சொன்னா. கணவர் பக்கத்தில், முழுச் சுகத்தோடு, ஃபோனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். "மூத்த மருமகனைக் கடைசியில போடுங்கோ. இவரின்ர தங்கச்சியை வெட்டுங்கோ, அவள் தன்ர மகளின்ர கலியாணத்துக்கு எங்களுக்குச் சொல்லேல்லை." தங்கச்சியிடம் வந்தபோது என் பேனை கொஞ்சம் நின்றது. பிறகு வெட்டினேன். அங்கிள் தலையைத் தூக்கினார்: "தங்கச்சியைத் திருப்பிப் போடும் தம்பி, சாகப்போறது நான். திகதிக்கு மட்டும் அவசரப்படாதேயும்."

மல்கிரேவிலிருந்து ஒரு வாடிக்கையாளர்

போன மாதம் மெல்பேர்ணிலிருந்து ஒரு பெண்பிள்ளை ஃபோன் எடுத்தாள். பெயர் ஆரணி, இடம் மல்கிரேவ், யூனிவர்சிட்டியில் படிக்கிறாளாம். "அங்கிள், எங்கட ஃபமிலி ட்ரீ செய்யோணும்." வழக்கம்போல, அப்பப்பாவின் மரண அறிவித்தல் இருந்தால் அனுப்பச் சொன்னேன். வந்ததைத் திறந்தால் என் அப்பாவின் படம். நான் ஊரில் நின்று, ஆத்திரத்தோடு சொல்லுக்குச் சொல் சொல்லி எழுதுவித்த அதே அறிவித்தல்.

அண்ணர் அகதியாகப் படகில் வந்தவர். அப்போது இருந்த விசாவில் நாட்டைவிட்டு வெளிக்கிட்டால் திரும்பி வர ஏலாது என்று அழுதழுது சொன்னவர். நான் அதைச் சாக்கு என்றேன். பிறகு உண்மை தெரிந்தது. அதற்குள் கோபம் பழகிவிட்டது, இறக்கி வைக்க வெட்கமாக இருந்தது.

திருப்பி ஃபோன் எடுத்து, "பிள்ளை, நான் ஆரெண்டு தெரியுமோ?" என்று கேட்டேன். "ஓம், தெரிஞ்சுதான் எடுத்தனான். நோட்டீஸில நீங்கள் இருக்கிறீங்கள், உங்கட தங்கச்சி மாமி இருக்கிறா. அப்ப எங்கட அப்பா ஆரின்ர மகன், சித்தப்பா?"

மூத்தவர்

சுவரிலிருந்த மரத்தைச் சுருட்டிக்கொண்டு விமானம் ஏறினேன். அண்ணர் கதவைத் திறந்தார், கதிரையைக் காட்டினார், அவ்வளவுதான். ஆரணி தேத்தண்ணியை வைத்துவிட்டுத் தாளை விரித்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கீழிருந்து மேலே படித்தார். தன் பெயர் இருக்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போனார். பூட்டனின் வெறும் பெட்டியில் விரலை வைத்து, "இது தெரியாதோ உனக்கு?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வருஷா வருஷம் அப்பாவின் திவசத்தை மெல்பேர்ண் கோயிலில் செய்துவருகிறவர் அவர்தான் என்று ஆரணி ஃபோனில் சொல்லியிருந்தாள். ஐயர் மூன்று தலைமுறைப் பெயர் கேட்பார். நான் அலைந்து தேடிய பெயர், நான் வெட்டிய மனுஷனின் வாயில் இருந்திருக்கிறது.

"சொல்லுங்கோ, எழுதுறன்." "முதல் நீ எழுது, பிறகு சொல்லுறன்." சுள்ளென்று ஏறியது. கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்து வாசல்வரை போனேன். ஒருத்தரும் கூப்பிடவில்லை. திரும்பி வந்து இருந்து, என் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி கீறி அண்ணரின் பெயரை எழுதினேன். கோடு கோணல்தான். அவர் குனிந்து பார்த்தார். "பிழையடா. நான் மூத்தவன், உனக்கு முன்னால போடு. பூட்டன்ர பெயர் வேலாயுதம்."

எத்தனையோ கதிரையைத் தள்ளி எழும்பி வென்றவன் நான், ஆனால் வாசல்வரை போயும் ஒருத்தரும் கூப்பிடாத அந்த ஒரு பேரத்தில்தான் கேட்டதைவிடக் கூட வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.